இலங்கையின் நாணயமும் மத்திய வங்கியும்

தமிழ்மொழியில் நாணயம் என்னும் சொல் இரு பொருள் தரும். கையிற் புழங்கும் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாமை மற்றொன்று. கடனைத் தவணை தவறாது தீர்ப்பவனை நாணயமுள்ளவன் என்கிறோம். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியமை வெறும் தற்செயலன்று என்பதை நாட்டின் பண வரலாற்றை ஆராய்வோர் எளிதில் உணர்வர். காசு என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதி. இன்று கொடுத்த உழைப்புக்கு ஈடாக நாளை அதே அளவு பண்டம் கிடைக்கும் என்ற உறுதியே அதன் உயிர். அவ்வுறுதி தளர்ந்தால் தாளும் அச்சும் இருக்கும், நாணயம் இராது.

துணி அளக்கும் கோல் ஓரங்குலம் குறைந்தால் வாங்குவோன் வழக்குக்கு எழுவான். பொருளெல்லாவற்றையும் அளக்கும் கோலாகிய பணம் குறையும்போது மக்கள் கோலைப் பார்ப்பதில்லை. விலை ஏறிற்று என்று கூறிக் கடைக்காரனை நொந்துகொள்வர். 2022 ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் அனைவரும் இக்கோல் குறுகியதைக் கண்கூடாகக் கண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்து நின்றது. உணவுப் பொருள்களின் விலை மட்டும் 94.9 வீதம் உயர்ந்தது. ஓராண்டின் முன் ஆயிரம் ரூபாவைச் சேமித்து வைத்த ஒருவர், அந்த ஆயிரத்தைக் கொண்டு முன்னர் 590 ரூபாவுக்குக் கிடைத்த பண்டத்தையே வாங்கக்கூடியவரானார். அவர் களவு கொடுத்தவரல்லர், சூதாடியவருமல்லர். பணத்தை வைத்திருந்தமை ஒன்றே அவர் செய்தது.

இந்நிலை எவ்வாறு வந்தது? பணத்தை ஆக்கும் அதிகாரம் இந்நாட்டில் யார் யார் கையில் இருந்தது? அவ்வதிகாரத்துக்கு என்ன வரம்பு இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மருதானையிலிருந்து மேற்கு நோக்கிப் புறக்கோட்டைக்குச் சென்று, செட்டியார் தெருவைக் கண்டு, அங்கிருந்து கோட்டைக்குச் சென்றால், இரண்டு மைல் தொலைவுக்குள் நம் நாணய வரலாற்றின் முக்கிய நிலைக்களங்கள் பலவற்றைக் காணலாம்.

பண்டைக்காலத்தில் காசு தன் மதிப்பைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. உரோமாபுரிக் காசுகள் இலங்கையின் பல இடங்களிற் கண்டெடுக்கப்பட்டுள்ளன. சோழர் கல்வெட்டுக்கள் ஈழக்காசு என ஒன்றைக் குறிப்பிடுகின்றன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியுருவமும் ‘சேது’ என்னும் தமிழ்ச்சொல்லும் பொறித்த காசுகளை வெளியிட்டனர். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தம் நூலில், தூண்டில் முள்போல் வளைத்த வெள்ளிக் கம்பி அங்கே பணமாக வழங்கியதை விவரித்துள்ளார். வெள்ளிக்குரிய விலை வெள்ளியிலேயே இருந்தமையால் அரசன் இலச்சினை அதற்கு ஒரு சான்றாக மட்டும் அமைந்தது. ஆயினும் அக்காலத்தும் அரசர் தம் முடையைக் காசின் உலோகத்திலே தீர்த்துக்கொள்ளும் வழியை அறிந்திருந்தனர். பதினோராம் நூற்றாண்டளவில் இலங்கைப் பொற்காசுகளிற் பொன் குறைந்துகொண்டே போய், பின்னர் செப்புக் காசே பெருவழக்காயிற்று. பணத்தை ஆக்குவோன் தானே அதைச் செலவு செய்வோனாகவும் இருப்பின் நேர்வது யாது என்பதற்கு இஃது ஒரு பழைய எடுத்துக்காட்டு.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற றிக்ஸ்டொலர் பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்திலும் வழங்கியது. படிப்படியாக மதிப்பிழந்த அந்நாணயம் 1825 இல் ஒரு சிலிங் ஆறு பென்சுக்கு ஈடாக்கப்பட்டு, இங்கிலாந்தின் ஸ்டேர்லிங் முறை புகுத்தப்பட்டது. ஆயின் சட்டம் ஒன்றைச் சொல்ல, சந்தை வேறொன்றைச் செய்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்குக் கூலியாகவும் அங்கிருந்து வந்த அரிசிக்கு விலையாகவும் வழங்கியது இந்திய வெள்ளி ரூபாவே. ஈற்றில் 1869 இல் அரசாங்கம் அதனையே நாட்டின் நாணயமாக ஏற்றது. 1872 தொடக்கம் ரூபா நூறு சதங்களாகப் பகுக்கப்பட்டது. இந்தியாவில் அணாவும் பைசாவும் வழங்கிய காலத்தில் இலங்கை தசம முறைக்கு வந்துவிட்டமை குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் நாணயத்தாள்களை அரசாங்கம் அச்சிடவில்லை. தனியார் வங்கிகளே வெளியிட்டன. அவற்றுட் பெரியது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு அது பெருந்தொகையைக் கடனாக வழங்கியிருந்தது. 1869 இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் அடுத்துவந்த ஆண்டுகளிற் கோப்பிப் பயிரை அழித்தது. தோட்டம் அழியக் கடன் அழிந்தது. கடன் அழிய வங்கி அழிந்தது. 1884 மே மாதம் 3 ஆந் திகதி அவ்வங்கி கதவடைத்தது. அதன் தாள்களைக் கையில் வைத்திருந்தோர் அனைவரும் அன்று கலங்கினர். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் துணிந்து ஒரு முடிவு செய்தார். அவ்வங்கியின் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அவர் உறுதி வழங்கினார். அவ்வுறுதி பீதியைத் தணித்தது. ஒரு தனியார் வங்கியின் சொல் பொய்த்தபோது அரசின் சொல் அதனிடத்தில் வந்து நின்றது.

அதே ஆண்டில் 32 ஆம் இலக்கக் கடதாசி நாணயக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தாள் வெளியிடும் உரிமை வங்கிகளிடமிருந்து நாணய ஆணையாளர் சபைக்கு மாறியது. இச்சபையின் இயல்பை மாணவர் தெளிவாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். இது வங்கியன்று, யாருக்கும் கடன் கொடாது. ஒருவர் வெள்ளி ரூபாவைக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்கீடாகத் தாளைக் கொடுக்கும். தாளைக் கொண்டுவந்தால் வெள்ளியைக் கொடுக்கும். வெளியிட்ட தாள்களுக்கு ஈடாக ஒரு பகுதியை வெள்ளியாகவும் மறுபகுதியை வட்டி தரும் பிணைப்பத்திரங்களாகவும் வைத்திருக்கும். தேசாதிபதிக்குப் பணமுடை நேர்ந்தாலும் ஆணையாளர் ஒரு தாளையேனும் கூடுதலாக அச்சிட்டுக் கொடுத்தல் இயலாது. களஞ்சியத்தில் நெல் இருந்தாலன்றிச் சீட்டு எழுதக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குட்பட்ட கணக்கப்பிள்ளையை ஒத்தது அவர் நிலை.

இம்முறையின் சிறப்பு வெளிப்படையானது. 1884 தொடக்கம் 1950 வரை, இரண்டு உலகப் போர்களும் ஒரு பெருமந்தமும் குறுக்கிட்டும், இலங்கை ரூபா இந்திய ரூபாவோடு ஒன்றுக்கு ஒன்றாகவே நின்றது. அறுபத்தைந்து ஆண்டுகள் பிறழாத சொல்லை எளிதென எண்ணலாகாது. எனினும் இதன் குறையும் சிறிதன்று. நாட்டில் எவ்வளவு பணம் உலவ வேண்டும் என்பதை நாட்டின் தேவை நிருணயிக்கவில்லை; இலண்டன் சந்தையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிடைத்த விலையே நிருணயித்தது. ஏற்றுமதி செழித்தாற் பணம் பெருகும். ஏற்றுமதி வீழ்ந்தாற் பணம் சுருங்கும். 1930 ஐ ஒட்டிய பெருமந்தத்தின்போது இறப்பர் விலை வீழ்ந்து தோட்டங்கள் வேலையைக் குறைத்தன. பணம் பெருக வேண்டிய அவ்வேளையில் அது தானாகவே சுருங்கிற்று. வறட்சிக் காலத்தில் மதகு தானாகவே மூடிக்கொள்ளும் குளம்போல அம்முறை இயங்கியது.

இனி, கடன் கிடைத்த வகையை நோக்குவோம். கோட்டையிலிருந்த பிரித்தானிய வங்கிகள் ஏற்றுமதி வணிகத்துக்கும் பெருந்தோட்டங்களுக்கும் கடன் கொடுத்தன. உள்ளூர் வணிகர்க்கும் சிறு நிலவுடைமையாளர்க்கும் அவற்றின் கதவு எளிதில் திறக்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியோர் செட்டிநாட்டிலிருந்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். புறக்கோட்டையில் அவர்கள் தொழில் நடத்திய தெரு இன்றும் தமிழிற் செட்டியார் தெரு என்றே வழங்குகின்றது. அவர்கள் தம் முதலோடு, பிரித்தானிய வங்கிகளிடம் வாங்கிய கடனையும் சேர்த்து உள்ளூராருக்குக் கொடுத்தனர். வங்கியின் சிராப்பு என்னும் அலுவலர் அக்கடனுக்குப் பிணை நின்றார். ஊரும் பேரும் நடத்தையும் அறிந்து கொடுக்கும் கடன் அது. முன் கூறிய இரு பொருளிலும் நாணயத்தை அடிப்படையாகக் கொண்டது.

செட்டியார்களின் வழக்கம் ஒன்று இக்கட்டுரைக்கு மிக இயைபுடையது. அவர்கள் தமக்குள் நடைபெறும் கொடுக்கல் வாங்கலுக்கு ‘நடப்பு வட்டி’ என ஒரு வீதத்தை வகுத்துக்கொண்டனர். இரங்கூனில், மொகல் தெருவிலிருந்த அவர்களது கோயிலிலே தமிழ் மாதந்தோறும் கூடி, பணம் மலிந்திருக்கிறதா அருகியிருக்கிறதா என ஆராய்ந்து, அம்மாத வீதத்தை அறிவித்தனர். பணத்தின் நிலைமையை நோக்கிக் குறித்த நாளிற் கூடி வட்டி வீதத்தை அறிவிப்பதே இன்று உலகின் மத்திய வங்கிகள் செய்யும் தலையாய பணி. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. செட்டியார்கள் தம் பணத்துக்கு மட்டுமே வட்டி வகுத்தனர். புதிய பணத்தை ஆக்கும் வலிமை அவர்களுக்கு இல்லை. ஆதலால் 1925 இல் செட்டியார் நிறுவனங்கள் சில முறிவுற்று, பிரித்தானிய வங்கிகள் கடனைச் சுருக்கியபோது, அவர்களுக்குக் கைகொடுக்க எவரும் இருந்திலர். முறிவு நேரத்திற் கடைசியாக நாடத்தக்க ஒரு கடன்கொடுப்போன் நாட்டில் இல்லாமையை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இக்குறையை ஆராயச் சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவைத் தலைவராகக் கொண்ட வங்கி ஆணைக்குழு 1934 இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் பயனாக 1939 ஓகஸ்ட் முதலாந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. உள்நாட்டாருக்குக் கடன் வழங்க ஒரு வங்கி கிடைத்தது. ஆயினும் பணத்தின் அளவை ஆளும் நிறுவனம் இன்னும் தோன்றவில்லை. இந்தியா 1935 இல் றிசேர்வ் வங்கியை அமைத்துவிட்டது. இங்கிலாந்து வங்கியோ 1694 இலிருந்தே நிலவியது.

1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. கொடியும் பாராளுமன்றமும் கிடைத்தபின்னும் நாணயம் இந்திய ரூபாவின் நிழலிலேயே நின்றது. நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அமெரிக்க அரசாங்கத்தின் உதவியை நாட, அந்நாட்டுச் சமஷ்டி ஒதுக்குச் சபையைச் சேர்ந்த ஜோன் எக்ஸ்ரர் கொழும்புக்கு வந்தார். அவரது அறிக்கை 1949 நவம்பரில் வெளியாயிற்று. அதனை அடியொற்றி 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் நிறைவேறியது. 1950 ஓகஸ்ட் 28 ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி தன் பணியைத் தொடங்கிற்று. எக்ஸ்ரரே அதன் முதல் ஆளுநரானார். ரூபா 2.88 கிறெயின் தூய பொன்னுக்குச் சமம் என வகுக்கப்பட்டது. அமெரிக்க டொலர் ஒன்றுக்கு 4 ரூபா 76 சதம் என்பது அதன் விளைவு.

மத்திய வங்கி பணத்தை எவ்வாறு ஆள்கின்றது? மூன்று கருவிகளைக் கூறலாம். முதலாவது வட்டி வீதம். வணிக வங்கிகள் மத்திய வங்கியிடம் கடன் வாங்கும் வீதம் உயர்ந்தால், அவை மக்களுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியும் உயரும், கடன் குறையும், செலவு தணியும். இரண்டாவது ஒதுக்கு விகிதம். ஒவ்வொரு வங்கியும் தன் வைப்புக்களில் ஒரு பங்கை மத்திய வங்கியில் வைத்திருத்தல் வேண்டும். அப்பங்கைக் கூட்டினாற் கடனுக்கு எஞ்சும் தொகை குறையும். மூன்றாவது திறந்த சந்தை நடவடிக்கை. மத்திய வங்கி அரசாங்கப் பத்திரங்களைச் சந்தையில் விற்றாற் பணம் மக்களிடமிருந்து அதனிடம் வந்தடங்கும். வாங்கினால் பணம் வெளியே பாயும். நாணய ஆணையாளர் தானாகத் திறந்து மூடும் மதகின் காவலர்; மத்திய வங்கியோ மழையையும் பயிரையும் நோக்கி மதகைத் திறந்தும் அடைத்தும் நீர் பாய்ச்சும் உழவனை ஒத்தது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காகத் திறைசேரி உண்டியல்களை விற்கின்றது. அவ்வுண்டியலை ஓர் ஆசிரியரோ வணிகரோ வணிக வங்கியோ தம்மிடமுள்ள பணத்தைக் கொடுத்து வாங்கினால், ஒரு பையிலிருந்த பணம் மறு பைக்கு மாறுகின்றது. நாட்டிலுள்ள பணத்தின் மொத்தம் மாறுவதில்லை. அதே உண்டியலை மத்திய வங்கி அரசாங்கத்திடமிருந்து நேரே வாங்கினாலோ, அதற்குக் கொடுக்கும் பணம் முன்னர் எவரிடமும் இராத பணம். அஃது அந்நேரத்திற் பிறந்தது. பண்டம் பெருகாது பணம் மட்டும் பெருகினால் விலை ஏறுதல் இயல்பு. விலை ஏறாதபடி தடுத்தாலும், அப்பணம் இறக்குமதிப் பொருளை நாடி அந்நியச் செலாவணியை அரித்துவிடும். பதினோராம் நூற்றாண்டில் உலோகத்தைக் குறைத்துச் செய்ததை இருபதாம் நூற்றாண்டில் ஒரு கணக்கேட்டுப் பதிவால் செய்தல் கூடும்.

1949 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியை முற்றாக அடைக்கவில்லை. அரசாங்கத்தின் உத்தேச வருமானத்தில் பத்திலொரு பங்கு வரை தற்காலிக முற்பணம் வழங்க அது இடங்கொடுத்தது. திறைசேரி உண்டியல்களை அரசாங்கத்திடமிருந்து வாங்கவும் வழி இருந்தது. ஆளுநர், நிதி அமைச்சின் செயலாளர், நியமிக்கப்படும் மற்றோர் உறுப்பினர் ஆகிய மூவரைக் கொண்டதே நாணயச் சபை. கடன் கேட்பவரின் பிரதிநிதி கடன் கொடுக்கும் சபையில் அமர்ந்திருந்தார் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் வேண்டும். புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் அரசும் வங்கியும் ஒத்துழைக்க வேண்டுமென்ற நோக்கிலே இவ்வமைப்பு எழுந்தது. ஆயினும் நல்லோரை எண்ணி வகுத்த விதி, முடை நேர்ந்த காலத்தில் எவ்வாறு நிற்கும் என்பதே அவ்விதியின் உரைகல்லாகும்.

முதற் சோதனை விரைவில் வந்தது. கொரியப் போரினால் இறப்பர் விலை ஏறி, பின்னர் விழுந்தது. அரிசி விலையோ ஏறியது. மானியச் செலவைத் தாங்கவியலாத அரசாங்கம் 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அந்நிகழ்ச்சியிலிருந்து பின்வந்த அரசாங்கங்கள் ஒரு பாடத்தைக் கற்றன. விலையை வெளிப்படையாக உயர்த்துவது ஆட்சிக்கு ஆபத்து என்பதே அப்பாடம். வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை மறைவாக நிரப்பும் வழியோ மத்திய வங்கியில் இருந்தது.

1960 களில் இறக்குமதித் தடைகள் பெருகின. 1966 இல் இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைத்தபோது இலங்கை உடன் குறைக்கவில்லை. நெடுங்கால உறவு அத்துடன் முறிந்தது. 1967 நவம்பரில் இலங்கை ரூபாவும் மதிப்பிறங்கி, டொலர் ஒன்று 5 ரூபா 95 சதமாயிற்று. 1970 இல் நிதி அமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதனவாக அறிவித்து மாற்றச் செய்தார். 1977 நவம்பரில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது டொலர் 16 ரூபாவாயிற்று. 2001 சனவரியில் ரூபா சந்தையில் மிதக்க விடப்பட்டது. கட்சிகள் மாறின; கொள்கைகள் மாறின; ஆயினும் செலவு வரவை மிஞ்சியபோதெல்லாம் மத்திய வங்கியின் கதவைத் தட்டும் வழக்கம் மாறவில்லை.

அண்டை நாட்டின் வரலாறு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. இந்திய அரசாங்கமும் நெடுங்காலம் தற்காலிகத் திறைசேரி உண்டியல்களை றிசேர்வ் வங்கிக்கு விற்றுத் தன் பற்றாக்குறையை நிரப்பி வந்தது. 1997 இல் ஓர் உடன்பாட்டினால் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. 2003 இல் இயற்றிய சட்டத்தின்படி, 2006 ஏப்பிரல் தொடக்கம் றிசேர்வ் வங்கி அரசாங்கப் பத்திரங்களை முதற் சந்தையில் வாங்குதல் தடுக்கப்பட்டது. இலங்கை அத்தகைய வரம்பை இடுவதற்கு ஒரு பேரிடர் வரவேண்டியிருந்தது.

அவ்விடரின் தோற்றத்தைச் சுருங்கக் கூறுவோம். 2019 டிசெம்பரில் வரிகள் பெரிதும் குறைக்கப்பட்டன. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாயிற்று. அடுத்துப் பெருந்தொற்று வந்து சுற்றுலா வருவாயை நிறுத்திற்று. வருமானம் சுருங்க, அரசாங்கம் கடனை நாடியது. வட்டி வீதம் செயற்கையாகத் தாழ்த்தி வைக்கப்பட்டமையால் மக்கள் உண்டியல்களை வாங்க விரும்பவில்லை; எஞ்சியவற்றை மத்திய வங்கியே வாங்கியது. 2019 முடிவில் அதனிடமிருந்த அரசாங்கப் பத்திரங்கள் பத்தாயிரம் கோடி ரூபாவுக்குக் குறைவு. 2021 முடிவில் அவை ஓர் இலட்சம் கோடி ரூபாவை விஞ்சின. அதே வேளையில் டொலர் 200 ரூபாவை ஒட்டியே நிற்கவேண்டும் என ஒதுக்கைச் செலவழித்துத் தடுத்து நின்றனர். 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த உத்தியோகபூர்வ ஒதுக்கு கரைந்தது. பயன்படுத்தத்தக்க ஒதுக்கு ஐந்து கோடி டொலருக்கும் குறைவு என 2022 மே மாதம் நிதி அமைச்சர் பாராளுமன்றத்திற் கூறும் நிலை வந்தது.

2022 மார்ச் 7 ஆந் திகதி ரூபா கைவிடப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டிற்று. மேல் மாகாணப் பாடசாலைகளில் அச்சிடக் கடதாசி இன்றித் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டமையை நம் ஆசிரியரும் மாணவரும் மறந்திரார். ஏப்பிரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுத்தலை இடைநிறுத்துவதாக நாடு அறிவித்தது. சுதந்திர இலங்கை அதற்குமுன் ஒருபோதும் அவ்வாறு அறிவித்ததில்லை. புதிய ஆளுநராக நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்ற மறுநாள், ஏப்பிரல் 8 இல், கொள்கை வட்டி வீதங்கள் ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டு 13.5 ஆகவும் 14.5 ஆகவும் நிறுத்தப்பட்டன. கடன் வாங்கி வீடு கட்டியோரும் சிறுதொழில் நடத்தியோரும் இதனாற் பெரிதும் வருந்தினர். ஆயினும் நோய்க்கேற்ற கசப்பு மருந்து அது. 2023 யூலையில் விலையேற்ற வீதம் ஒற்றை இலக்கத்துக்கு, 6.3 ஆக, இறங்கியது.

விலையேற்றம் தணிந்தது எனின் விலை பழைய நிலைக்கு மீண்டது என்பது பொருளன்று. ஏறிய விலை மேலும் விரைந்து ஏறவில்லை என்பதே பொருள். போன சேமிப்புப் போனதே. ஊழியர் சேமலாப நிதியும், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் விளைவாக, 2023 இல் தன் அரசாங்கப் பத்திரங்களைக் குறைந்த வட்டியுள்ள புதிய பத்திரங்களுக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது. நிலமும் பொன்னும் டொலரும் வைத்திருந்தோர் பெரும்பாலும் தப்பினர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வங்கிப் புத்தகமுமே உடைமையாகக் கொண்டோர் சுமையைத் தாங்கினர். பணவீக்கம் ஒரு வரி. பாராளுமன்றத்தில் விவாதியாது, வர்த்தமானியில் அறிவியாது, எளியோரிடமிருந்து முதலில் அறவிடும் வரி. 2023 நவம்பரில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் உள்ளிட்ட சிலர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. நாணயத்தின் இரண்டாம் பொருளை நீதிமன்றமும் எடுத்துரைத்ததாக அத்தீர்ப்பைக் கொள்ளலாம்.

2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் அவ்வாண்டு செப்டெம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. விலை உறுதிப்பாடே வங்கியின் முதற் குறிக்கோள் என அது விதித்தது. அரசாங்கப் பத்திரங்களை முதற் சந்தையில் வாங்குவதைத் தடுத்தது. திறைசேரிச் செயலாளர் ஆளும் சபையில் உறுப்பினராதல் நீங்கியது. பணவீக்க இலக்கு அமைச்சரோடு செய்யும் உடன்பாட்டால் ஐந்து வீதமாக வகுக்கப்பட்டது. இரண்டு காலாண்டுகள் தொடர்ந்து வரம்பு தவறின், வங்கி பாராளுமன்றத்துக்குக் காரணம் கூறல் வேண்டும். 1950 இல் திறந்து விடப்பட்ட கதவு எழுபத்துமூன்று ஆண்டுகளின் பின் அடைபட்டது எனலாம்.

இங்கு இருவகை மறுப்புக்கள் எழக்கூடும். நாணய ஆணையாளர் முறையைக் கைவிட்டதே பிழை. அதற்கே மீளல் வேண்டும் என்பர் ஒருசாரார். 1950 இல் 4 ரூபா 76 சதமாயிருந்த டொலர் 2024 முடிவில் ஏறத்தாழ 290 ரூபாவாக நின்றமை அவர்தம் வாதத்துக்கு வலிமை தருகின்றது. எக்ஸ்ரரே பிற்காலத்திற் பொன்னின் உறுதியை வற்புறுத்தி, ஈடற்ற தாளின் ஆபத்தை எச்சரிப்பவராக விளங்கினார். எனினும் மந்தக் காலத்திற் பணம் சுருங்க, தொழிலிழந்தோர் பட்ட துயரையும், முறிவு நேரத்தில் உதவியின்றிச் செட்டியார் தெரு கலங்கியதையும் அவர்கள் மறத்தலாகாது. கை தவறு செய்தமைக்காகக் கையை வெட்டுதல் முறையன்று. அதற்கு வரம்பு இடுதலே முறை.

மக்கள் தெரிவு செய்யாத அதிகாரிகள் கையில் இத்துணை அதிகாரம் தகுமோ என்பர் மற்றொரு சாரார். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. உயர்ந்த வட்டியால் வாடுவோர் தம் துயரை யாரிடம் முறையிடுவர்? இதற்கு விடை, குறிக்கோளை மக்கள் மன்றம் வகுத்தலும், அதை அடையும் வழியை அறிந்தோரிடம் விடுதலும், தவறின் காரணம் கேட்டலும் ஆகும். நீதிபதியையும் நாம் வாக்களித்துத் தெரிவதில்லை. ஆயினும் அவர் சட்டத்துக்கு உட்பட்டவர். தம் தீர்ப்புக்குக் காரணம் எழுதுகிறவர். மத்திய வங்கியும் அவ்வாறு மக்களுக்கு விளங்கும் மொழியிற் காரணம் கூறப் பழகல் வேண்டும். மக்களும் அக்காரணத்தை உசாவி அறியப் பழகல் வேண்டும். வட்டி வீதம், பற்றாக்குறை, பணவீக்கம் ஆகியவை பரீட்சை எழுதுவோர்க்கு மட்டும் உரியவை என எண்ணியிருந்த காலம் கழிந்தது.

சட்டம் ஒன்றினாலேயே நாணயம் காக்கப்படும் என நம்புதலும் ஏமாற்றமாகும். ஒரு பாராளுமன்றம் இயற்றியதை மற்றொன்று திருத்தலாம். வரவுக்கு மிஞ்சிச் செலவிடும் அரசும், வரியின்றிச் சலுகை வேண்டும் மக்களும் உள்ளவரை, அடைத்த கதவைத் திறக்கும் ஆசை மீண்டும் மீண்டும் எழும். மத்திய வங்கி 1951 இல் வெளியிட்ட முதல் தாள்களில் நிதி அமைச்சர், ஆளுநர் ஆகிய இருவரின் கைச்சாத்தும் இருந்தன. செலவிடுவோன் கையொப்பமும் காப்போன் கையொப்பமும் ஒரே தாளில் நின்றன. காப்போன் ‘இல்லை’ என்று சொல்லவேண்டிய நாளில் அவ்வாறு சொல்லும் துணிவு அவருக்கும், அதனைப் பொறுக்கும் அறிவு நாட்டுக்கும் இருந்தாலன்றி, அத்தாளில் எழுதிய வாக்குறுதி நிலையாது.